ஒரு காதில் வகுப்பு

போனை எடுத்தால் அவர் ஹலோ சொல்ல மாட்டார். நான் குறை சொல்வதற்கு முன்னால் அவரே கேட்டுவிடுவார்.

"மேடம், பாப்பாவுக்கு இப்ப இன்னா கிளாஸ் ஓடிக்கினு இருந்துச்சு?"

"மேத்ஸ் அண்ணா."

"சின்னவருக்கு?"

"அவனுக்கு ரைம்ஸ்."

"ரைம்ஸு போனாப் போவுது. மேத்ஸு எப்ப முடியும்?"

"பத்து நாப்பதுக்கு."

"கொஞ்ச நேரம் உங்க போன் நெட்டுல ஓட்டுங்க. பத்தேகாலுக்குள்ள வந்து நிக்கிறேன்."

சொன்னபடி வந்து நிற்பார். எங்கள் மந்தைவெளித் தெருவுக்கு இணைய இணைப்பு கொடுக்கும் கேபிள்காரரிடம் லைன்மேனாக இருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது, ஒல்லியான உடம்பு. பைக்கில் ஏணியைப் பக்கவாட்டில் கட்டியிருப்பார். தோளில் கறுப்பு ஒயர் சுருள் தொங்கும். தெருவில் பெரியவர்களுக்கு அவர் 'நெட்டு', குழந்தைகளுக்கு 'நெட் அங்கிள்'. பெயர் எனக்குத் தெரியும். ஆனால் பெயரை எழுதினால் அவர் வேறு யாரோ போல ஆகிவிடுகிறார். அதனால் எழுதவில்லை.

என் அலுவலகம் அவருடைய கவனத்தில் வரவே வராது. "எனக்கு முக்கியமான மீட்டிங் இருக்குண்ணா" என்று ஒருமுறை கெஞ்சினேன். "ஆபீஸு எங்கியும் ஓடிடாது மேடம்" என்றார். பின்தெருவில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குப் பரீட்சை நடக்கிறதாம், அந்த லைனைச் சரிசெய்துவிட்டுத்தான் வருவாராம். அன்று எனக்குக் கோபம் வந்தது. அடுத்த மாதம் என் மகளுக்குப் பரீட்சை நடந்தபோது, ஒரு பெரிய வக்கீல் வீட்டைக் காக்கவைத்துவிட்டு எங்கள் மொட்டைமாடியில் நின்றார். அந்த வக்கீலுக்கும் கோபம் வந்திருக்கும்.

இத்தனைக்கும் ஊரடங்குக்கு முன்னால் அவருக்கு எங்கள் தெருவில் நல்ல பெயர் கிடையாது. "தோ, வந்துக்கினே கீறேன்" என்பார். அப்படிச் சொன்னால் நாளை மறுநாள் வருவார் என்று அர்த்தம். நான் குளியலறைக் கதவைத் தட்டினால் என் கணவர் உள்ளிருந்து அதே குரலில் "வந்துக்கினே கீறேன்" என்று சொல்லிக் காட்டுவார். அப்படிப்பட்ட மனிதர் எப்படி நிமிஷம் தவறாமல் வருகிறவராக மாறினார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. யோசித்துப் பார்க்கவும் நேரம் இல்லை.

எங்கள் வீட்டு நிலைமை அப்படி. என் கணவருக்கு கே.கே. நகரில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. ஊரே அடைந்து கிடந்தபோதும் வங்கி திறந்திருந்தது. காலை ஒன்பதுக்குப் போனால் மாலை ஆறரைக்கு வந்து, வாசலிலேயே சட்டையைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டு நேராகக் குளிக்கப் போவார். எனக்கு மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் வேலை. அந்த வருடம் அந்த வேலை ஒருநாளும் குறையவில்லை. மகள் யாழினி மூன்றாம் வகுப்பு. மகன் கவின் யூ.கே.ஜி.

சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் யாழினிக்கு டேப்லெட், எதிர்ப்பக்கம் கவினுக்கு என் போன். இரண்டு டீச்சர்களும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அந்தச் சத்தத்தில் என்னால் ஒரு வரி படிக்க முடியாது. சமையலறையை ஒட்டிய சின்ன பால்கனியில் வாஷிங் மெஷின் இருந்தது. அதன் மூடிமேல் லேப்டாப்பை வைத்து நின்றுகொண்டே வேலை பார்ப்பேன். துவைக்கப் போட்டிருந்தால் மேலதிகாரியின் முகம் திரையில் குலுங்கும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். பார்க்கும்போதெல்லாம் கவின் மேசைக்கு அடியில் இருப்பான். லேப்டாப்பிலிருந்து எந்தக் குரல் வந்தாலும் பதில் சொல்ல வேண்டும் என்று அவன் பழகிவிட்டான். ஒருநாள் என் மேலதிகாரி, "எல்லா பில்லும் சேர்த்தாச்சா?" என்று என்னைக் கேட்டார். என் புடவை முந்தானைக்குப் பின்னாலிருந்து "எஸ் மேம்" என்றான். அந்த மேலதிகாரி ஆண்.

இவ்வளவும் தொங்கிக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஒயரில். தலைமுடி மாதிரி இருக்கும் ஒரு கண்ணாடி இழை அது. பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஒரு தென்னை மரத்தை உரசிக்கொண்டு எங்கள் மொட்டைமாடிக்கு வரும். அணில் கடிக்கும், காக்கை இழுக்கும், காற்றில் மட்டை விழும். உடனே வீட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். யாழினி, "அம்மா, சிவப்பு" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நான் அவரைக் கூப்பிடுவேன்.

செப்டம்பர் மாதத்தில் ஒருநாள் நடந்ததை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு எனக்கு ஒரு ஆய்வுக் கூட்டம். ஆறு மாத வேலையை மேலதிகாரி எடை போடும் கூட்டம். பதினொன்றரைக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் வந்துவிட்டார். ஆனால் பன்னிரண்டு நெருங்கியும் பச்சை வரவில்லை. பொறுக்க முடியாமல் மொட்டைமாடிக்கு ஏறினேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் இழையை ஒட்டும் சின்ன மெஷின். ஒரு காதில் இயர்போன் செருகியிருந்தது. இழையைச் சீவுவார், நிறுத்துவார், தலையைச் சாய்த்து எதையோ கேட்பார், சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து ஏதோ கிறுக்குவார், மறுபடி இழையைத் தொடுவார். நான் இரண்டு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வெடித்துவிட்டேன்.

"பாட்டு கேட்டுக்கிட்டே வேலை பார்த்தா எப்பண்ணா முடியும்? இங்க ரெண்டு குழந்தைங்க கிளாஸ் போயிட்டிருக்கு. எனக்கு இன்னும் அஞ்சு நிமிஷத்துல மீட்டிங். முதல்ல அந்த இயர்போனைக் கழட்டுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அதில் கோபமாவது தெரிந்திருந்தால் எனக்கு இப்போது கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். இயர்போனைக் கழற்றி மடித்துப் பையில் போட்டார்.

"சரி மேடம்."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த சில நிமிஷங்களில் பச்சை எரிந்தது. கூட்டம் நடந்தது. மேலதிகாரி பாராட்டினார். சாயங்காலம் கணவரிடம், "நல்லா நாலு வார்த்தை கேட்டேன், உடனே வேலை நடந்தது" என்று பெருமையாகச் சொன்னேன்.

நவம்பரில் ஒரு இடிமழைக்குப் பிறகு வீட்டுக்குள் இருந்த பெட்டியே எரிந்துபோனது. புதுப் பெட்டி மாட்ட அவர் முதல்முறையாக வீட்டுக்குள் வந்தார். வாசலில் கையில் சானிடைசர் தேய்த்துக்கொண்டு, சுவரோரமாகவே நடந்து டிவி அலமாரி அருகே போய் உட்கார்ந்தார். காதில் அதே இயர்போன். நான் பார்த்தேன். கவின் நாற்காலியை இழுத்தபோது அதன் காலில் இயர்போன் ஒயர் மாட்டி, போனிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அவருடைய சட்டைப் பையிலிருந்து ஒரு பெண்குரல் சத்தமாகக் கேட்டது.

"யாராவது சொல்லுங்கம்மா. இலை எதனால பச்சையா இருக்கு? சந்தியா? சந்தியா, லைன்ல இருக்கியாம்மா?"

அவர் பதறிப்போய் போனை எடுத்தார். ஒரே விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி எதையோ தட்டினார். டீச்சர் குரல், "சரி, இருக்கே. நல்லது. நாளைக்குப் பதில் எழுதிட்டு வா" என்றது. அவர் மூச்சு விட்டார்.

யாழினி நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், நீங்க எந்த கிளாஸ்?"

"ஏழாவது பாப்பா" என்றார், சிரிக்காமல்.

பிறகு நான் கேட்டுத்தான் சொன்னார், அதுவும் பெட்டியில் ஒயரைச் செருகிக்கொண்டே. சந்தியா அவருடைய மகள், ஒரே பெண். மந்தைவெளிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் படிக்கிறாள். அவர்கள் குடும்பம் முன்பு அடையாற்றங்கரையில் இருந்தது. அரசாங்கம் அந்தக் குடிசைகளை எடுத்துவிட்டு, அவர்களை ஊருக்குத் தெற்கே வெகுதூரத்தில் ஒரு அடுக்குமாடியில் எட்டாவது மாடியில் வைத்துவிட்டது. பள்ளியை மட்டும் மாற்றவில்லை. வகுப்பு போனில் வர ஆரம்பித்தபோது வீட்டில் இருந்தது ஒரே போன். அந்த எண்ணுக்குத்தான் எங்கள் தெருவும் இன்னும் ஏழெட்டுத் தெருக்களும் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

"போனை வீட்ல விட்டுட்டு வரலாமேண்ணா."

"வுட்டா உங்க லைனு யாரு பாக்கறது மேடம்? அங்க டவரும் சரியா எடுக்காது. மாடிப்படியாண்ட வந்தாத்தான் ஒரு கோடு காட்டும். அதான் நானே கிளாஸ்ல ஒக்காந்துக்கறேன். மிஸ்ஸு சொல்றத அப்டியே எழுதிக்கினு போயி கொடுத்துடுவேன். எனக்கு ஏறாது. அது படிச்சி புரிஞ்சிக்கும்."

'அது' என்று சொன்னது மகளை. அந்தச் சொல்லில் அவ்வளவு செல்லம் இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நோட்டைக் காட்டச் சொன்னேன். தயங்கிக் கொடுத்தார். எண்ணெய்க் கறை படிந்த இருநூறு பக்கச் சின்ன நோட்டு. எது பாடம், எது பாடம் இல்லை என்று பிரிக்கத் தெரியாததால் காதில் விழுந்த எல்லாவற்றையும் எழுதியிருந்தார். 'எடம் மாத்திப் போட்டு கூட்னாலும் அதே வரும். மிஸ் ரெண்டு தபா சொன்னாங்க.' 'மிஸ்ஸுக்கு இருமல்.' 'இங்க ஒரு பொண்ணு சிரிச்சுது. ஏன்னு தெரியல.' 'கரன்ட் போச்சு. ஆறு நிமிசம் கேக்கல. யாரையாவது கேளு.' ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் அன்றைக்கு எந்த மொட்டைமாடியில் இருந்தார் என்று குறித்திருந்தார். 'வக்கீல் வூடு.' 'மாவு மில்.' ஏன் என்று கேட்டேன். வீட்டுக்குப் போனதும் மகள் முதலில் அதைத்தான் கேட்பாளாம், இன்றைக்குப் பள்ளிக்கூடம் எங்கே நடந்தது என்று.

பக்கங்களைத் திருப்பினேன். செப்டம்பரில் ஒரு பக்கத்தின் மேலே 'செகண்ட் ஃப்ளோர் மேடம் வூடு' என்று இருந்தது. கீழே நான்கு வரி. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது.

"அன்னிக்கு என்ன கிளாஸ் ஓடிட்டிருந்தது?"

"வுடுங்க மேடம்."

"சொல்லுங்கண்ணா."

"சயின்ஸு. சின்னதா ஒரு டெஸ்ட்டு. கேள்வி சொல்லிக்கினு இருந்தாங்க. அப்பால மிஸ்ஸு கிட்ட சொல்லிட்டேன், ஒண்ணும் பிரச்சினை இல்ல."

மன்னிப்புக் கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் பச்சை விளக்கைக் காட்டி, "வந்துடுச்சு மேடம்" என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அலமாரியில் என் கணவரின் பழைய போன் ஒன்று இருந்தது, ஓரத்தில் கண்ணாடி கீறியது. அதைக் கொடுக்கலாம் என்று அன்றே முடிவு செய்தோம். ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் அதை வைத்துக்கொண்டு அந்தப் பெண் என்ன செய்வாள்? எங்கள் வீட்டில் வந்து உட்காரட்டும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய பிறகும் ஒரு வாரம் சொல்லாமல் இருந்தேன். தொற்று பயம். வெளியாட்களை உள்ளே விடக்கூடாது என்று எங்கள் குடியிருப்புச் சங்கம் போட்டிருந்த தடை. இந்த இரண்டையும் சொல்லி என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். என் கணவர்தான், "தினமும் நானூறு பேர் தொட்ட நோட்டைத் தொட்டுட்டு நான் வரேன். அந்தப் பொண்ணாலயா நமக்கு வந்துடப் போகுது?" என்று கேட்டார்.

பழைய போனைக் கொடுத்து நெட் அண்ணனிடம் சொன்னோம்; மகள் வீட்டுக்குள் வந்து உட்கார அவர் சம்மதிக்கவில்லை. கடைசியில் எங்கள் வாசலுக்கு வெளியே, மாடிப்படி திரும்பும் இடத்தில் உட்காரலாம் என்று முடிவாயிற்று. காற்றோட்டமான இடம். எங்கள் வைஃபை அங்கே நன்றாக எடுக்கும். டிசம்பர் முதல் வாரத்தில் பைக்கின் பின்னால் ஏணியைப் பிடித்தபடி சந்தியா வந்து இறங்கினாள். அப்பாவைப் போலவே ஒல்லி, அப்பாவைவிடப் பேச்சு குறைவு. மடித்த போர்வையை விரித்து, முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் சங்கச் செயலாளர் மாமா மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தார். ஓய்வுபெற்ற அதிகாரி. சட்டம் என்றால் சட்டம். நான் வாஷிங் மெஷினை விட்டு ஓடி வந்தேன்.

"யாரும்மா இது? வெளி மனுஷாளை விடப்படாதுன்னு சொல்லிண்டிருக்கோமோன்னோ?"

"நெட் அண்ணன் பொண்ணு மாமா. வீட்ல சிக்னல் இல்ல. கிளாஸுக்காக..."

அவர் என்னைக் கேட்காமல் அவளையே பார்த்தார். அவள் எழுந்து நின்றாள். போனிலிருந்து டீச்சர் குரல் வந்துகொண்டே இருந்தது.

"என்ன வாசிக்கறே?"

"ஏழாவது சார்."

"ஒக்காரு, ஒக்காரு. கிளாஸ் போயிண்டிருக்கு பார்."

மேலே ஏறிப் போய்விட்டார். மறுநாள் காலை படி திரும்பும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. யார் போட்டது என்று யாரும் சொல்லவில்லை. செயலாளர் மாமா வீட்டுப் பால்கனியில் நான்கு நாற்காலி இருந்த இடத்தில் மூன்றுதான் இருந்தன.

மகளுக்குத் தனி போன் கிடைத்த பிறகும் அவர் இயர்போனைக் கழற்றவில்லை. அதே வகுப்பில் தானும் சேர்ந்துகொண்டார். ஒரே பெயர் இரண்டு முறை வருவதைப் பார்த்து டீச்சர் கேட்டபோது, "அது எங்கப்பா மிஸ்" என்று சந்தியா சொன்னாளாம். மொத்த வகுப்பும் சிரித்ததாம். டீச்சர், "இருக்கட்டும், சத்தம் மட்டும் போடாம இருக்கச் சொல்லு" என்று விட்டுவிட்டாராம்.

"இப்பத்தான் அவளே கேட்டுக்கிறாளே. நீங்க எதுக்குண்ணா?" என்று நான் கேட்டேன்.

"சும்மா இருந்தா காது ஒரு மாரி கீது மேடம்" என்றார். ஒயரைச் சுருட்டியபடி, "நான் ஏழாவதோட நின்னுட்டேன். ஜூன்ல அது எட்டாவது பூடும். நானும் போய்ப் பாக்கறேன்" என்றார்.

ஜூன் வருவதற்குள் மே வந்தது. இரண்டாவது அலை. எதற்கு அவருக்கு வாழ்நாள் முழுக்க நன்றி சொல்வேன் என்று கேட்டால் நான் அந்த மே மாதத்து மதியத்தைத்தான் சொல்வேன்.

முதலில் என் கணவருக்கு வந்தது. மூச்சு திணறி மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரண்டாம் நாள் எனக்குக் காய்ச்சல். குழந்தைகளுக்கு ஒன்றும் இல்லை என்று சோதனை சொன்னது. ஊரிலிருந்து யாரும் வர முடியாது. தெருமுனையில் தகரம் அடித்துவிட்டார்கள். நான் படுக்கையறைக்குள் போய்க் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டேன். கூடத்தில் ஒன்பது வயது யாழினியும் ஆறு வயது கவினும். எதிர்வீட்டு அக்கா மூன்று வேளையும் வாசல் கம்பிக்கதவில் சாப்பாட்டுப் பையை மாட்டிவிட்டுப் போவார். கூடத்தில் டேப்லெட்டைச் சுவரில் சாய்த்து வைத்து, காலையிலிருந்து ராத்திரி வரை என் போனோடு வீடியோ அழைப்பில் இருப்போம். நடுவில் ஒரு கதவு மட்டும்தான். ஆனால் கவினுக்கு அம்மா அந்தத் திரையில்தான் இருந்தாள். நான் மூடிய கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தால், "கண்ணத் தொற" என்பான். திறப்பேன்.

நான்காம் நாள் மதியம் திடீரென்று கோடைக்காற்று அடித்தது. தென்னை மட்டை விழும் சத்தம் எனக்கே கேட்டது. திரை உறைந்து நின்றது. யாழினியின் குரல் கதவுக்கு வெளியிலிருந்து, "அம்மா, சிவப்பு" என்றது. அடுத்து கவின் கதவைக் குத்த ஆரம்பித்தான். அம்மா கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறாள், அம்மா கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறாள் என்று அழுதான். கண்ணை மூடியபோது திரை உறைந்திருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. உள்ளிருந்து பேசினேன். தொண்டை கட்டிப்போன அந்தக் குரலை அவன் அம்மா என்று நம்பவில்லை. தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நின்றேன். திறந்துவிடலாம் என்று நூறு முறை தோன்றியது.

அந்த அறையில் என் போன் நெட் எடுக்காது, பேச மட்டும் முடியும். அவரைக் கூப்பிட்டேன். அன்று அவர் வகுப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

"பசங்க தனியாவா கீறாங்க?"

"ஆமா."

"தோ."

தெருவுக்குள் வர விடாமல் காவலுக்கு ஆள் நின்றிருந்தார்கள். பின்தெருக் கட்டடத்தில் ஏறி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி எங்கள் மொட்டைமாடியில் இறங்கி, படி வழியாக எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறார். எனக்கு அதெல்லாம் தெரியாது. கம்பிக்கதவுக்கு அப்பாலிருந்து வந்த குரல் மட்டும் கேட்டது.

"நைனா, இங்க வா. இன்னாத்துக்கு அழுவுற?"

"அம்மா கண்ணத் தொறக்கல."

"அம்மாக்கு ஒண்ணும் இல்ல நைனா, உள்ள சோக்கா கீறாங்க. ஒயருதான் அறுந்துபோச்சு. நான் மேல போய் ஒட்டப் போறேன். எனக்கு ஒரு ஆள் வேணும். வர்றியா?"

அழுகை நின்றது.

"அந்தப் பொட்டியாண்ட ஒக்காந்துக்கோ. செவப்பு லைட்டு பாத்துக்கினே இரு, கண்ண எடுக்கக் கூடாது. பச்ச வந்த ஒடனே பால்கனிக்கு வந்து கத்து. நீ சொன்னாத்தான் எனக்குத் தெரியும். நீ சொல்ற வரிக்கும் நான் எறங்க மாட்டேன். பாப்பா, தம்பிக்குத் தண்ணி கொடு."

வீடு அமைதியானது. அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம். ஆறு வயதுப் பையன் முக்கால் மணி நேரம் ஒரு பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எந்த டீச்சராலும் அவனைப் பத்து நிமிஷம் உட்காரவைக்க முடிந்ததில்லை. பிறகு ஓடுகிற காலடிச் சத்தம். பால்கனியிலிருந்து, "அங்கிள், பச்சை" என்று அவன் குரல். என் கையில் போன் அதிர்ந்தது. திரையில் என் மகனின் முகம் மிகப் பக்கத்தில் தெரிந்தது.

"நான்தாம்மா சரி பண்ணேன்" என்றான்.

அவர் மறுபடி கீழே வரவில்லை. வந்த வழியாகவே போய்விட்டார். என் கணவர் பதினோராம் நாள் வீடு திரும்பினார். நான் தேறி எழுந்ததும் நெட் அண்ணனுக்கு போன் செய்து, என்னால் முடிந்த அளவு நன்றி சொன்னேன். "நம்ம லைன்மேன் எப்பிடி கீறாரு?" என்று கேட்டார். கவினிடம் போனைக் கொடுத்தேன். இருவரும் வெகுநேரம் பேசினார்கள்.

இப்போது நாங்கள் கொட்டிவாக்கத்தில் இருக்கிறோம். இங்கே இணைப்பு அறுந்தால் ஒரு எண்ணை அழுத்தி, புகாரைப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வருகிறவர்கள் நல்ல பிள்ளைகள், வேகமாக முடித்துவிட்டுப் போகிறார்கள். சந்தியா கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார். அவரை நான் பார்த்துப் பல மாதங்கள் ஆகின்றன. ஆனால் அவரை நினைக்கும்போதெல்லாம் மனதில் வருவது பள்ளிகள் மறுபடி திறந்த அந்த நவம்பர் காலைதான்.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு இருவரையும் சீருடை போட்டுப் பள்ளியில் விட்டேன். யாழினியின் பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. வீட்டுக்கு வந்து முதல்முறையாகச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தேன். அவ்வளவு அமைதியில் வேலை ஓடவில்லை. பதினோரு மணி வாக்கில் காய் வாங்குகிற சாக்கில் மந்தைவெளி மார்க்கெட்டுக்கு நடந்தேன். போகிற வழியில்தான் அந்தப் பெண்கள் பள்ளி. எதிர்ச்சாரியில் தன் பைக்கின்மேல் அவர் உட்கார்ந்திருந்தார். ஏணி இல்லை. துவைத்த சட்டை.

"என்னண்ணா, சந்தியா உள்ள போயாச்சா?"

"எட்டே முக்காலுக்கே பூட்டா மேடம்."

"அப்புறம் இங்க என்ன பண்றீங்க?"

பள்ளிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல்கள் திறந்திருந்தன. இரட்டைச் சடைகள் வரிசையாகத் தெரிந்தன.

"அந்த மூணாவது ஜன்னலு. இப்ப சோசியலா இருக்கணும்" என்றார். ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல், "இவ்ளோ நாளு கூடவே ஒக்காந்துட்டேன். இன்னிக்கு இன்னா நடத்துறாங்கன்னு எனக்குத் தெரியாது மேடம்" என்றார்.

வருத்தமாகவும் சொல்லவில்லை, சந்தோஷமாகவும் சொல்லவில்லை. நான் காய்ப்பையோடு அவர் பக்கத்தில் நின்றேன். அப்போது மேலே ஒரு டீச்சர் ஏதோ கேட்டார். நாற்பது பெண்கள் ஒன்றாகப் பதில் சொன்னார்கள். தெருச் சத்தத்தில் வார்த்தை தெளிவாக விழவில்லை. ஒரு பேருந்து கடந்து போகும்வரை அவர் பொறுத்திருந்தார். மறுபடி அந்தக் குரல்கள் வந்தன. ஏதோ பேச வாயெடுத்த நான், அவருக்குக் கேட்கட்டும் என்று நிறுத்திக்கொண்டேன்.